ஹொலண்ட் அலுமாரி

அந்த அலுமாரியை மூன்றாம் மாடிக்கு ஏற்றிய சனிக்கிழமை காலை, ஜெர்மனியின் ஹம் நகரமே பனிப்புகாருக்குள் கிடந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் ஓடும் கால்வாய் கண்ணுக்குத் தெரியவில்லை. சரக்கு ரயில் பெட்டிகளைக் கோர்க்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. தமிழ்க் கடைச் சந்திரமௌலி தன் மரக்கறி வான் வண்டியில் அதைக் கொண்டுவந்து இறக்கினார். கூடவே கோயிலில் தேர் இழுக்கிற இரண்டு பேர். அசல் ஓக் மரம். கதவு இரண்டையும் கழற்றி, இழுப்பறை லாச்சிகளை உருவி எடுத்த பிறகும் அசைய மாட்டேன் என்றது. படிக்குப் படி நின்று, அரோகரா சொல்லித்தான் ஏற்றினார்கள். இரண்டாம் மாடித் துருக்கிக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு, யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து மெல்லச் சாத்திக்கொண்டாள்.

யோகம் மேல்படியில் நின்று ஏவல் செய்தாள்.

"இடப்பக்கம் சரியுங்கோ அண்ணை. சுவரிலை முட்டக்கூடாது, வீட்டுக்காரன் நிண்டு கத்துவான். மெல்ல, மெல்ல! கால் முறிஞ்சாலும் அலுமாரி முறியக்கூடாது."

"ஆரின்ரை கால் அக்கா?" என்றார் சந்திரமௌலி மூச்சு வாங்கிக்கொண்டு.

அவளுடைய புருஷன் நவரத்தினம் கீழேயே நின்றார். முழங்கால் நோகுது என்றார். இருபத்தெட்டு வருடம் கம்பித் தொழிற்சாலையில் இரும்புச் சுருள் தூக்கியவர். அதற்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் லொறி ஓடியவர். பாரம் ஏற்றுவது என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னுக்கு நிற்கிற மனிதர். அன்றைக்குக் கயிற்றைக்கூடத் தொடவில்லை. யோகத்துக்கு எரிச்சல் வந்தது, வேறொன்றும் தோன்றவில்லை.

அலுமாரி வந்த விதம் இது. யோகம் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை செய்பவள். எட்டு வருடமாகக் காலையும் மாலையும் போய்க் கழுவித் துடைத்து, மாத்திரை கொடுத்து, இறுக்கக் காலுறை மாட்டிவிட்டவர் ஃபிராவ் பிரிங்க்மான். தொண்ணூற்றொரு வயது. பிள்ளை குட்டி இல்லை. சரக்கு நிலையத்துக்குப் பின்னால் தனி வீடு. செப்டெம்பரில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு போனதும், மனுஷி முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டி வந்தது. வீட்டை ஒழிக்க வந்த, உடன்பிறந்தவர் வழி மருமகன், வேண்டியதை எடுங்கள், மிச்சத்தைத் தெருவில் வைக்கப் போகிறேன் என்றான். கிழவி கட்டிலில் கிடந்தபடியே, "ஹொலண்ட் அலுமாரி யோகத்துக்கு" என்று சொல்லியனுப்பினார். வேலை பார்க்கிற நிறுவனத்தின் கந்தோரில் எழுதிக் கேட்டு, மருமகனிடம் கையெழுத்தும் வாங்கித்தான் யோகம் சம்மதித்தாள். அந்த விஷயத்தில் அவள் நெருப்பு. பிறத்தியாரின் ஊசி நூல் தன் வீட்டு வாசலைத் தாண்டாது என்பதில் அவளுக்குப் பெரிய கர்வம் இருந்தது.

கிழவிக்கு ஏன் அவளுக்கு அலுமாரி கொடுக்கத் தோன்றியது என்றால், எட்டு வருடமும் யோகம் அழுத ஒரே அழுகை அலுமாரிக்காகத்தான். தொண்ணூற்றோராம் ஆண்டு தையில் அவளுக்குக் கலியாணம். கொக்குவில் வீட்டுக்கு மாப்பிள்ளை தானே லொறியில் ஒரு தேக்கு அலுமாரி கொண்டுவந்து இறக்கினார். மாப்பிள்ளை வீட்டார் பொம்பிளை வீட்டுக்குத் தளபாடம் கொண்டுவருவதாவது? ஊரே கதைத்தது. அடுத்த வருடம் அவர் ஜெர்மனிக்கு வெளிக்கிட்டார். தொண்ணூற்றைந்து ஒக்டோபர் முப்பதில் இராணுவத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே ஒரே இரவில் எழும்பி நடந்தபோது, யோகம் அலுமாரியைப் பூட்டிவிட்டுத்தான் படலை தாண்டினாள். ஆறு மாதம் கழித்துத் திரும்பிப் போன மாமி, வீட்டில் கதவு நிலைகூட மிஞ்சவில்லை என்று எழுதினார். "என்ரை அலுமாரியை எந்த நாசமாய்ப்போவான் கொண்டுபோனானோ" என்று யோகம் முப்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

இருந்தாலும் கேட்காமல் எடுத்துவிடவில்லை. பழைய சாமான் வாங்கும்போது யாழ்ப்பாணத்தில் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது: செத்த வீட்டுச் சாமானோ? செத்தவர் புழங்கிய பெட்டி என்றால் முப்பத்தோராம் நாள் சடங்கு கழியாமல் ஒருவரும் தொடமாட்டார்கள். கழிந்தாலும் சாமிக்கு ஆகாது. யோகம் தன் உடைந்த டொச் மொழியில் அதைக் கேட்டாள். கிழவி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இல்லை யோகம், இதன் ஆட்கள் யாரும் எங்கள் வீட்டில் சாகவில்லை. எங்கேயோ போய்விட்டார்கள். அதற்குப் பிறகுதான் எங்களிடம் வந்தது" என்றார். யோகத்துக்கு அது போதும்.

மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். புகையறிகருவிக்குக் குளியல் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டுச் சாம்பிராணி காட்டினாள். வெள்ளிக்கிழமை காலை பிள்ளையார் மேல்தட்டில் ஏறினார். அவருக்குப் பக்கத்தில் காமாட்சி அம்மன், கீழே முருகன், லாச்சிக்குள் திருநீறும் கர்ப்பூரமும் திரியும். கதவைத் திறந்தால் கோயில், சாத்தினால் அலுமாரி. யோகம் விளக்கேற்றிவிட்டுப் பத்துப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

"வந்து கும்பிடுங்கோவன்" என்றாள் புருஷனிடம்.

"நான் இதிலை நிண்டே கும்பிடுறன்" என்று நவரத்தினம் குசினி வாசலிலேயே நின்றுகொண்டார்.

அடுத்த புதன்கிழமை வேலை முடிந்ததும் யோகம் ரவை லட்டு நாலைந்து உருட்டி எடுத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனாள். இப்போது அது அவளுடைய வேலையில்லை, ஆசைக்குப் போவது. அங்கே இருக்கிற பிள்ளைகள் கெட்டிக்காரர்தான், ஆனால் தலை வாரத் தெரியாது. ஃபிராவ் பிரிங்க்மானுக்குப் பஞ்சு மாதிரித் தலைமுடி. அடியைப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து வாரிக்கொண்டு வந்தால்தான் நோகாது. யோகம் கதிரைக்குப் பின்னால் நின்று வாரத் தொடங்கினாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியைக் கிழவியின் மடியில் வைத்து அலுமாரிப் படத்தைக் காட்டினாள்.

கிழவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அடடா! எவ்வளவு விளக்கு! இது எங்கள் வீட்டுக்கு வந்த நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் இவ்வளவு அழகாக இருக்கிறது."

"உங்கள் அம்மா வாங்கினதா?"

"வாங்கினது இல்லை, கிடைத்தது. எனக்கு அந்த நாள் கிறிஸ்மஸ் மாதிரி. இரண்டாம் உலகப்போர் நேரம், ஒன்பது வயது. எங்கள் வீட்டில் குண்டு விழுந்து ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. பெரியம்மாவின் சமையலறையில் ஏழு பேர் படுத்தோம். ஒரு நாள் அம்மா ஒரு சீட்டோடு ஓடி வந்தாள். ஹொலண்டிலிருந்து ரயில் வந்திருக்கிறதாம். சரக்கு நிலையத்தில் பெட்டி பெட்டியாகத் திறந்து வைத்திருந்தார்கள். கட்டில், கதிரை, தையல் மெசின், பியானோ, பிள்ளைத் தொட்டில். நீ கண்டிருக்க மாட்டாய் யோகம், அவ்வளவு சாமான்."

யோகத்துக்குச் சுனாமி நேரம் நினைவுக்கு வந்தது. ஹம் தமிழ்ச் சனம் முழுக்கச் சேர்ந்து கட்டில், பாய், உடுப்பு என்று இரண்டு கொள்கலன் நிறைய ஊருக்கு அனுப்பியது. அதே மாதிரித்தான் என்று நினைத்தாள்.

"ஹொலண்ட் சனங்கள் உதவிக்கு அனுப்பினார்களா? நல்ல மனிதர்கள்."

"உதவியா?" கிழவி வேடிக்கையாகத் திரும்பிப் பார்த்தார். "யூதர்களுடையது, பிள்ளை. ஹொலண்ட் அப்போது எங்கள் கையில் இருந்தது. அவர்களை அதற்கு முதலே கொண்டுபோய்விட்டார்கள். வீடெல்லாம் அப்படியே கிடந்ததாம். எங்கள் தெருவில் எல்லாருக்கும் ஏதோ கிடைத்தது. அம்மாவுக்குக் கந்தோரில் ஆளைத் தெரியும், அதனால் எங்களுக்கு நல்லதாகக் கிடைத்தது."

யோகத்தின் கை தலைமுடிக்குள் அப்படியே நின்றது.

"லாச்சிக்குள் மடித்த மேசைத்துணி இருந்தது, கறுவா வாசத்தோடு. ஒரு பிள்ளையின் கம்பளிக் கையுறையும் இருந்தது. சிவப்பு. ஒன்றுதான். எனக்கு அச்சாக அளவு! மற்றதைத் தேடித் தேடி நான் அழுத அழுகை. அம்மா எல்லா லாச்சியையும் கவிழ்த்துப் பார்த்தாள். கிடைக்கவில்லை."

"பேர் ஒன்றும் இருக்கவில்லையா?" யோகத்தின் குரல் அவளுக்கே யாருடையதோ போல இருந்தது.

"பின்பலகையில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. பேர், தெரு, ஊர். அம்மா சுடுதண்ணீர் ஊற்றி ஊறவைத்துக் கத்தியால் சுரண்டினாள். ஒரு பின்னேரம் முழுக்க. நான்தான் தண்ணீர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் நிறுத்திவிட்டாய், யோகம்? இடது பக்கம் இன்னும் வாரவில்லை."

யோகம் இடது பக்கத்தையும் வாரினாள். ஊசி குத்திக் கொண்டையாக்கினாள். லட்டை எடுத்துத் தட்டில் வைத்தாள். எப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எட்டு வருடம் அம்மா மாதிரிக் கழுவித் துடைத்த உடம்பு. கெட்ட வார்த்தை ஒன்று பேசாத வாய். அந்த வாய் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னதுதான் அவளை உலுப்பிவிட்டது. ஒளித்திருந்தால், அழுதிருந்தால், அவளுக்கும் சேர்ந்து அழ ஒரு வழி இருந்திருக்கும். பஸ்ஸில் ஏறி நாலு தரிப்பு தாண்டிய பிறகுதான் கைப்பையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. இறங்கினாள், ஆனால் திரும்பிப் போய் எடுக்க மனம் வரவில்லை. மழைக்குள் வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவினாள். அலுமாரிக் கதவைத் திறந்தாள். பிள்ளையாரைத் தூக்கிக் குசினி மேசையில் வைத்தாள். பிறகு அம்மன், பிறகு முருகன், பிறகு திருநீற்றுக் குடுவை. நவரத்தினம் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தார்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ரயில், சீட்டு, கையுறை, சுடுதண்ணீர். "செத்த வீட்டுச் சாமானோ எண்டு கேட்டனான். கேக்கத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆக்களைத் துரத்திக் கலைச்ச வீட்டுச் சாமானோ எண்டு கேக்கத் தெரியேல்லை எனக்கு. கலைச்சும் இல்லை, கொண்டுபோய்ச் சாக்காட்டினவங்கள். அந்தக் குழந்தையின்ரை அலுமாரிக்கு முன்னாலை நிண்டு தேவாரம் பாடினனான்!"

நவரத்தினம் மேசையில் கிடந்த வெங்காயத் தோலைக் கூட்டி ஒதுக்கினார். பிறகு, "லாச்சிக்குள்ளை சாமான் அப்பிடியே இருந்ததாமோ?" என்று கேட்டார்.

"ஓம். ஏன்?"

"ஏத்திறவன் லாச்சியைத் திறக்கமாட்டான். நேரம் இராது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டிப்போட்டு ஏத்திவிடுவான்."

"அதை நீங்கள் என்னத்துக்கு இப்ப சொல்லுறியள்?"

"சும்மா," என்றார். கத்தியை எடுத்தார். உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மகள் பிரபாலினி மூன்ஸ்டரிலிருந்து வந்தாள். எலும்பு முறிந்தவர்களுக்கு உடற்பயிற்சி பழக்குகிற வேலை, இருபத்தேழு வயது. குசினிக்குள் கால் வைத்தவள், சோற்று மின்சட்டிக்குப் பக்கத்தில் பிள்ளையார் வேர்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் பரிமாறிக்கொண்டே யோகம் கதையைச் சொன்னாள். மகள் சாப்பிடுவதை விட்டுவிட்டுக் கேட்டாள்.

"எங்களைப் பள்ளிக்கூடத்திலை அங்கை கூட்டிக்கொண்டு போனவை அம்மா. ஹொலண்டிலை, வெஸ்டர்போர்க் எண்டு. வெட்டைவெளி. பிடிச்ச சனத்தை முதல் அங்கைதான் கொண்டுபோய் அடைச்சு வைச்சிருந்தவங்கள். உள்ளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததாம், ஆஸ்பத்திரி இருந்ததாம். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ரயில் வரும். முதல்நாள் இரவு பேர் வாசிப்பாங்கள். வாசிச்ச ஆக்கள் விடிய ஏறவேணும். போலந்துக்குக் கொண்டுபோனது. அனேகமா ஒருத்தரும் திரும்பேல்லை."

"சின்னப் பிள்ளையளுமோ?"

"ஓம் அம்மா. சின்னப் பிள்ளையளும்."

"அந்தச் செவ்வாய்க்கிழமை அதுகள் ரயிலுக்குள்ளை. இஞ்சை இவள் கையுறை போட்டுப் பாக்கிறாள்." யோகம் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அகப்பையிலிருந்து குழம்பு வடிந்து பிளாஸ்டிக் விரிப்பில் பரவியது. ஒருவரும் துடைக்கவில்லை.

"இப்பிடிச் சாமான்களைத் தேடிப் பதியிற மியூசியம் ஒண்டு இருக்கு," என்றாள் பிரபாலினி. "நான் எழுதிப் பாக்கிறன். சொந்தக்காரற்றை ஆக்கள் ஆரும் இருந்தா அவைக்குக் குடுக்கலாம்."

"என்னத்துக்கு உந்த வேலை?" என்றார் நவரத்தினம். அவர் குரல் உயர்வது அபூர்வம். "எண்பது வருசத்துக் கதை. ஆர் இப்ப கேக்கினம்? திரும்பவும் அந்த மருமோனுக்குச் சொல்லி, அவன் கந்தோருக்குச் சொல்லி, கொம்மாவின்ரை வேலைக்குத்தான் வில்லங்கம். வேண்டாமெண்டா தெருவிலை வைப்பம். விடுங்கோ."

"தெருவிலையோ?" யோகம் அவரைப் பார்த்தாள். "அதுகளின்ரை சாமானை ஒருக்கால் தெருவிலை வைச்சது காணாதோ?"

அவர் எழும்பிக் கை கழுவப் போய்விட்டார். தண்ணீர் ஓடும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

மறுநாள் யோகம் கைப்பையை எடுக்கிற சாட்டில் இல்லத்துக்குப் போனாள். ஃபிராவ் பிரிங்க்மான் யன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்க அவளுக்கு வராது. நேரே கேட்டாள்.

"அந்தக் கடதாசியில் என்ன பேர் இருந்தது?"

"எந்தக் கடதாசி?"

"அம்மா சுரண்டினது."

"எனக்கு ஒன்பது வயது, யோகம்."

"அப்போது வாசிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாமல் என்ன? வகுப்பில் நான்தான் முதலாவதாக வாசிப்பேன்." சொல்லி முடித்ததும் கிழவியின் வாய் கொஞ்சம் திறந்தபடியே நின்றது. சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை எதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கும் என்பது அவருக்கும் அந்த நேரத்தில்தான் உறைத்திருக்க வேண்டும். முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார்.

"இன்றைக்குத் தலை வார வேண்டாம்," என்றார். "நீ போ."

யோகம் போர்வையை அவர் முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிவிட்டு வந்தாள். பரிதாபமும் அருவருப்பும் ஒரே நேரத்தில் ஒரே ஆளிடம் வருமென்று அவள் அதற்கு முன் அறிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மியூசியத்தின் படிவத்தைப் பிரபாலினி கணினியில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குசினி மேசையில் சாமிகளுக்கும் தேத்தண்ணிக் கோப்பைகளுக்கும் நடுவில்தான் இடம். நவரத்தினம் அடுப்படியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். அன்ராக் என்கிற விண்ணப்பப் படிவம் நிரப்புவது அந்த வீட்டில் முப்பது வருடப் பழக்கம். அகதி விண்ணப்பத்தில் தொடங்கியது. மகள் கேட்க, யோகம் சொல்லிக்கொண்டு வந்தாள். என்ன பொருள்? அலுமாரி. என்ன மரம்? ஓக். உங்களிடம் எப்படி வந்தது? சொன்னாள். அதற்கு முன் யாரிடம் இருந்தது? சொன்னாள்.

"முதல் உரிமையாளற்றை பேர்?"

"தெரியாது எண்டு போடு. சுரண்டிப்போட்டாள் எண்டும் போடு."

பிரபாலினி தட்டெழுதிக்கொண்டிருக்கும்போது யோகத்துக்கு ஏனோ லாச்சி நினைவாகவே இருந்தது. ஏற்றுகிறவன் லாச்சியைத் திறக்கமாட்டான். நேரம் இராது. கயிறு போட்டுக் கட்டிவிடுவான். அதை எந்தப் புத்தகத்தில் படித்தார் இந்த மனிதர்? புத்தகம் தொடாதவர். லொறி ஓடியவர். எங்கே ஓடினார்? யாழ்ப்பாணம் சோனகதெருவில், ஒரு முஸ்லிம் நானாவின் இரும்புக் கடையில். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபர் முப்பது, ஆயுதம் ஏந்திய தமிழ் இயக்கம் யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனம் முழுவதையும் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்ன நாள். அன்றைக்குக் கொக்குவிலில் அவள் அதைக் கேள்விப்பட்டு, அட பாவமே என்று சொல்லிவிட்டு, மத்தியானக் கறிக்கு மீன் வெட்டினாள். அதற்கு மூன்றாம் மாதம் அவளுக்குக் கலியாணம். யோகம் அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ."

"என்ன?"

"எங்கடை கலியாண அலுமாரி ஆரின்ரை?"

நவரத்தினம் திரும்பவில்லை. தோசை கருகும் மணம் வந்தது.

"வெளிநாடு போற ஆள் ஒண்டு குடுத்ததெண்டு சொன்னனீங்கள். எந்த ஆள்?"

அவர் அடுப்பை அணைத்தார். தோசைக்கரண்டியைக் கையில் பிடித்தபடியே வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"முதலாளியின்ரை," என்றார்.

"ஆர், அந்த நானாவின்ரையோ?"

"ஓம். சனத்தை அனுப்பினாப் பிறகு இயக்கப் பெடியள் வந்து என்னைக் கூப்பிட்டவங்கள். லொறி நிண்டது, ஓடத் தெரிஞ்ச ஆள் நான்தான். அவையின்ரை லொறியிலைதான் அவையின்ரை வீட்டுச் சாமானை ஏத்தினனான். ஒரு கிழமை. தெருத் தெருவா. அடுப்பிலை சோத்துப் பானை அப்பிடியே இருந்த வீடுகள், யோகம். எல்லாத்தையும் இயக்கம் கொண்டுபோய்க் கடை போட்டு வித்தது. சனம் முண்டியடிச்சு வாங்கினது. எனக்கு லொறி ஓடினதுக்கு அலுமாரியைத் தந்தவை. வேண்டாமெண்டு சொல்லலாம். சொல்லேல்லை. கலியாணம் வருகுதெண்டு யோசிச்சனான்."

"அப்பா..." என்றாள் பிரபாலினி.

"அவையை நாங்கள் கொல்லேல்லை, பிள்ளை. இதையும் அதையும் ஒண்டாக்காதை."

"ஒண்டெண்டு நான் சொல்லேல்லையே அப்பா. நான் ஒண்டும் சொல்லேல்லை."

முப்பது வருடம்! நாசமாய்ப்போவான் என்று வாய் நோகத் திட்டியது யாரை? தன் அலுமாரி தன் அலுமாரி என்று எட்டு வருடம் கிழவிக்கு அழுது காட்டியது எதற்காக? கிழவியைப் பார்த்து அருவருத்த மனம் இப்போது திரும்பித் தன்னையே பார்த்தது. கேட்காமல் இருந்தால் நல்லது என்று உள்ளே ஏதோ சொன்னது. ஆனாலும் யோகம் கேட்டாள்.

"லாச்சிக்குள்ளை என்ன இருந்தது?"

நவரத்தினம் தோசைக்கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கோ. உங்களுக்குத் தெரியும். என்ன இருந்தது?"

"சீலை. மூத்த பிள்ளைக்கு மாசியிலை கலியாணம் வைச்சிருந்தவை. அவவுக்கு எடுத்த சீலை. ரோசாப்பூ நிறம், சரிகை போட்டது."

"அதை என்ன செய்தனீங்கள்?"

"கலியாணத்து நாலாஞ்சடங்குக்கு நீர் உடுத்தனீர்."

யோகம் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சீலை அவளுக்கு அச்சொட்டாக நினைவிருந்தது. ரோசாப்பூ, தோளில் கனக்கிற சரிகை. மாப்பிள்ளையின் தெரிவு என்று பெண்டுகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் பூரித்துப்போய் நாள் முழுக்கக் கழற்றாமல் இருந்தாள். இப்போது முப்பத்தைந்து வருடம் கழித்து, ஹம் நகரத்துக் குசினியில், உடம்பில் கம்பளி மேற்சட்டையோடு இருந்தவளுக்கு அந்தச் சரிகை தோலில் உரசியது. கைகளை உதறினாள். உதற உதறப் போகவில்லை.

பிரபாலினிதான் கேட்டாள். "அவையின்ரை பேர் தெரியுமோ அப்பா?"

"முகமது ஜுனைதீன். ஐஞ்சு சந்தியிலிருந்து மூண்டாவது வீடு. மனுசி பேர் சுலைஹா. மூத்தவ ஹிதாயா, அடுத்தது ரெண்டும் இரட்டை." அவர் யோசிக்கக்கூட இல்லை. கோயிலில் அர்ச்சனைக்குப் பேர் சொல்கிறவர் மாதிரித் தடங்காமல் சொன்னார். "நோன்புக் காலத்திலை பின்னேரம் கஞ்சி குடிக்காமல் என்னை விடமாட்டினம். ஜுனைதீன் நானா புத்தளத்திலை அகதிக் காம்பிலையே கண்ணை மூடிட்டாராம். ஹிதாயா இருக்கிறா. போன வருசம் சந்திரமௌலி ஊருக்குப் போகேக்கை சொல்லி, நம்பர் எடுப்பிச்சனான்."

"எடுத்து?"

"அடிக்கேல்லை. என்னத்தைச் சொல்லுறது?"

"எங்கை நம்பர்?"

"விடும் யோகம். இப்ப அதுகளின்ரை மனத்தையும் கிளறி..."

"எங்கை நம்பர் எண்டு கேட்டனான்."

அவர் சட்டைப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தார். ஒரு பெயரில்லாத இலக்கம். அங்கே இப்போது பின்னேரம் மூன்று மணி இருக்கும். யோகம் வாங்கி அழுத்தினாள். மகள் "அம்மா, கொஞ்சம் பொறுங்கோ, யோசிச்சுப்போட்டு" என்று எழும்பினாள். யோசித்தால் தானும் ஒரு வருடம் பையில் வைத்துக்கொண்டு திரிவேன் என்று யோகத்துக்குத் தெரியும். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார்கள் என்று நினைத்த நேரத்தில் எடுத்தார்கள்.

"ஹலோ, ஆரு?" வயதான பெண் குரல். பின்னால் எங்கேயோ சேவல் ஒன்று கூவியது.

"ஹிதாயா அக்காவோ?"

"ஓம். ஆரு நீங்க?"

"நான் ஜெர்மனியிலை இருந்து கதைக்கிறன் அக்கா. என்ரை பேர் யோகம். உங்கடை வாப்பாவின்ரை லொறி ஓடின நவரத்தினத்தின்ரை மனுசி." யோகம் மூச்சை இழுத்தாள். "அக்கா, உங்கடை அலுமாரி என்னட்டைத்தான் இருந்தது. தேக்கு அலுமாரி. அது உங்களடையெண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று அவள் திரையைப் பார்த்தாள். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. நவரத்தினம் இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார்.

"அதுக்குள்ள ஒரு சீலை இருந்திச்சே," என்றது அந்தக் குரல்.

"ஓம் அக்கா," என்றாள் யோகம். "நான்தான் உடுத்தனான்."